திருத்தணியில் சுட்ட சக்கரம்

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், சித்திரை வெயிலில், கடலே இல்லாத திருத்தணியில் ஓர் இட்லிக் கடைக்கு எதிரே நான் என் வள்ளத்தோடு மூன்று நாள் கரை தட்டிக் கிடந்தேன். யாழ்ப்பாணத்தில் இதைச் சொன்னால் இன்றைக்கும் நம்புவாரில்லை.

நான் வள்ளம் கட்டுகிறவன். நகரிக்குப் பக்கத்து நாயுடு மிராசுதார் ஒருவர் தம் ஏரிக்கு வள்ளம் வேண்டுமென்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். ஊரிலிருந்து வந்து, சென்னைக் கடற்கரையில் கொட்டகை போட்டுத் தங்கி, பதினாறு அடியில் ஒன்று கட்டி முடித்தேன். வெள்ளிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். ஏரிக்கு நடுவில் அவர்கள் குலதெய்வத்தின் மண்டபம் இருக்கிறது. தாலி கட்டிய கையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் வள்ளத்தில் அங்கே போய்க் கும்பிட வேண்டும். அதற்குத்தான் இத்தனையும். திங்கட்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். பொழுது சாய்வதற்குள் போய்விடலாம் என்றார்கள். கடலில் காற்று மாறப் போவது எனக்கு முன்கூட்டியே தெரியும். சக்கரத்தைப் பற்றியோ, அது வட்டமாக இருக்கும் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

இழுத்துப் போனது, சென்னை முதலாளி ஒருவர் வாடகைக்கு விட்ட, பட்டாளத்தார் கழித்து விற்ற ஒரு ஜீப். பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர், அதன்மேல் வள்ளம். ஓட்டியவர் முனுசாமி. பர்மா எல்லையில் பட்டாள லாரி ஓட்டிவிட்டு வந்து, மாதக்கணக்கில் வேலையில்லாமல் அலைந்து, இந்த வேலைக்கு வந்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. வழியெல்லாம் ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். மணவூர்ப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா நைனா, அவ்ளோ மழையா வரப் போவுது?" என்று கேட்டார்.

"ஆங்! எல்லாரும் மூட்டைய கட்டுங்க!" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு முனுசாமி வண்டியை விரட்டினார்.

திருத்தணிக்குள் நுழைந்ததும் மலையடிவாரத்தில் அந்த இட்லிக் கடைக்கு எதிரே காப்பிக்கு நிறுத்தினோம். கால் மரத்துப் போயிருந்ததால், இறங்கிய நான் டிரெய்லரின் இடது சக்கரத்து நடுவில், குடத்தின்மேல், உள்ளங்கையை ஊன்றினேன். நான் அலறிய அலறலில் படியேறிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் திரும்பிப் பார்த்து, "அரோகரா!" என்றது.

முனுசாமி ஓடி வந்து குடத்தின்மேல் எச்சிலைத் துப்பினார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சுர்ரென்றது. வலது பக்கம் போய்த் தொட்டுப் பார்த்தார். அது வெறும் வெதுவெதுப்பு.

"இப்டியே உட்டா நகரி போறதுக்குள்ள சக்கரம் தனியா போவும், நாம தனியா போவோம்" என்றார்.

கால் மணி நேரத்தில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். எங்கள் ஊரில் வள்ளம் ஓட்டை என்றால் ஓட்டையைத் தேடுவார்கள். இங்கே முதலில் காரணத்தைச் சொல்லிவிட்டுப் பிறகுதான் சக்கரத்தைப் பார்த்தார்கள். பிரேக் பிடித்துக்கொண்டது என்றார் ஒருவர். டிரெய்லருக்குப் பிரேக்கே இல்லை என்றதும், அதனால்தான் சுடுகிறது என்றார். தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வள்ளத்தைச் சுற்றி வந்து, பாரம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதாகத் தீர்ப்புச் சொன்னார். ஊருக்குள் நுழையும்போது மலையைப் பார்த்துக் கும்பிட்டீர்களா என்று ஒரு அம்மாள் கேட்டாள். முனுசாமி கும்பிட்டாராம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "நீங்க சிலோனுங்களா?"

"ஓம்" என்றேன்.

"இத நீங்களே செஞ்சதுங்களா?"

"ஓம்."

"ரிப்பேர் ஆவுற வரைக்கும் இங்கதான் தங்கப் போறீங்களா?"

"ஓம்."

அவர் கைகூப்பிவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் ரகசியம்போலச் சொன்னார்: "வாயத் தொறந்தா ஓங்காரம்தாம்பா வருது. பெரிய முருக பக்தரு." எங்கள் ஊரில் 'ஆமாம்' என்பதற்கு அதுதான் சொல் என்று விளக்க முயன்றேன். பக்தருக்கு அடக்கமும் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குக் கடையில் இலை முதலில் விழுந்தது.

கடை மங்கம்மாவுடையது. பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாக, உரத்த குரலில் பேசுகிற அம்மாள். அரிசிக்கு ரேஷன் ஆனபடியால் இட்லியில் கேழ்வரகும் கலந்திருந்தது, நிறம் எங்கள் வள்ளத்துப் பலகையின் நிறம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சட்னி வேர்க்கடலைச் சட்னி, மிளகாய் நகரியிலிருந்து வந்தது. தேங்காய் இல்லையா என்று கேட்டேன்.

"தேங்கா மலமேல ஒடைக்கறதுக்குத்தான் நைனா. நமக்குக் கடலை" என்றாள்.

தேங்காய்ப்பாலில் பிறந்து வளர்ந்தவன் நான். கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால் என்று அவள் நினைத்துக்கொண்டு மோர் கொடுத்தாள்.

எனக்கு வேறொரு பயம் இருந்தது. வள்ளத்துப் பலகை ஈரத்தில் ஊறி ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு இருக்க வேண்டியது. இந்த வெயிலில் நாலு நாள் காய்ந்தால் சுருங்கி, பொருத்துகள் வாய் திறந்துவிடும். அப்புறம் ஏரியில் இறக்கினால் வள்ளம் அல்ல, சல்லடை. கல்யாணப் பெண்ணை அதில் உட்கார வைக்க முடியாது. பழைய கோணிகளை வாங்கி நனைத்து வள்ளம் முழுவதும் போர்த்தினேன். மணிக்கொரு தரம் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன்.

செவ்வாய்க்கிழமை முருகனுக்கு உகந்த நாள், மலைக்கு நல்ல கூட்டம். நான் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்த சில பெண்கள் வேண்டுதல் என்று எண்ணி, தங்கள் செம்பையும் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். பத்து மணிக்குள் வள்ளத்தின் மூக்கில் மஞ்சளும் குங்குமமும் ஏறிவிட்டன. நான் தடுக்கவில்லை. தண்ணீர் யார் ஊற்றினால் என்ன?

சக்கரத்துக் குடத்தைத் திறந்து பார்க்கலாமே என்று முனுசாமியிடம் கேட்டேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இன்னாண்ணா பேசறீங்க? ரெண்டு குடத்துக்கும் கிரீஸ் அடைச்சது இந்தக் கையி. பட்டாளத்துல மேஜரே வந்து பாத்துட்டு சபாஷ்னு சொன்ன கையி. அதுல கோளாறு வராது. பாரம்தான்."

திறப்பதற்கு வேண்டிய பெரிய ஸ்பானரும் அவரிடம் இல்லை. பஸ் ஷெட்டு மெக்கானிக் காதர் பாயிடம்தான் இருந்தது. அவரோ வழியில் நின்றுபோன கரிவாயுவில் ஓடுகிற பஸ் ஒன்றைப் பார்க்கத் திருப்பதிப் பாதையில் போயிருந்தார். ஆகவே குமாஸ்தா சொன்ன பாரத்தைப் பரீட்சை செய்தோம். பத்துப் பேர் பிடித்து வள்ளத்தை ஒரு சாண் வலப்பக்கம் நகர்த்தினார்கள். கே.ஜி.கண்டிகை வரை ஓட்டிக்கொண்டு போனோம். அங்கே டீக்கடையில் இறங்கி முனுசாமி துப்பினார். சுர்!

அடுத்தது, சக்கரத்தில் கோளாறு என்றார். கடைக்கு முன்னால் ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது சக்கரத்தை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினார். மறுபடி கண்டிகை, மறுபடி டீ. சூடு இடது பக்கத்தை விட்டு அசையவில்லை. டீக்கடைக்காரர், "நாளைக்கும் வருவீங்களா?" என்று அன்போடு கேட்டார்.

திரும்பி வந்து நின்றபோதுதான் அந்த வாசனை. இடது சக்கரத்திலிருந்து, கோயில் கர்ப்பக்கிரகத்தில் வருவதுபோல ஒரு தூப மணம் மெல்லப் புகைந்து வந்தது. மலையிறங்கி வந்தவர்கள் நின்றார்கள். ஒருவர் மூச்சை இழுத்துக் கண்ணை மூடினார். ஒரு பாட்டம் "அரோகரா" எழுந்தது. ஒரு தம்பதி கற்பூரத்தை எடுத்தபோது முனுசாமி, "பெட்ரோல் வண்டிம்மா, பெட்ரோல் வண்டி!" என்று குறுக்கே விழுந்தார்.

மங்கம்மா கரண்டியும் கையுமாகக் கடையிலிருந்து வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு குந்தி, சக்கரத்தருகே மூக்கை வைத்தாள்.

"சாம்பிராணி இல்ல இது. குங்கிலியம். எண்ணெயில கொழைச்ச குங்கிலியம்." எழுந்து முனுசாமியைப் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரு அரக்கோணத்துக்கு நாலு மாட்டு வண்டி ஓட்டினாரு. அச்சுக்கு மசை போட்டது நானு. நீ சக்கரத்த மாத்தின. குடத்த மாத்தினியா?"

"குடம் எப்டிம்மா மாத்தறது? அது அச்சோட கீது."

"அப்ப சூடு இன்னாத்துல கீது?"

முனுசாமி குனிந்து குடத்தைப் பார்த்தார்.

"குடத்துக்குள்ள குங்கிலியத்துக்கு இன்னா வேல?" என்று கேட்டுவிட்டு, அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோணி காய்ந்திருக்கும் என்று நான் தண்ணீருக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை காலையில் காதர் பாய் வந்தார். ஒட்டடைக்குச்சி போன்ற உடம்பு, பேச்சே கிடையாது. ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது சக்கரத்தைக் கையால் சுற்றினார். அரைச் சுற்றுப் போய் முனகிக்கொண்டு நின்றது. வலதைச் சுற்றினார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. "இத்த ஏன் யாரும் செஞ்சு பாக்கல?" என்று மட்டும் கேட்டார். நேற்று அதே ஜாக்கியை வைத்துத் தூக்கிய முனுசாமி மலையுச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடத்தின் மூடியைக் கழற்றினார்கள். உள்ளேயிருந்து கருகிய கயிறு போல ஒன்று நீளமாக வந்தது. பாம்பாட்டியின் கூடைக்கு முன்னால் நிற்பதுபோலக் கூட்டம் ஓரடி பின்வாங்கியது. சணல், அதில் தோய்த்த குங்கிலியம், எள்ளளவு இடைவெளியில்லாமல் இறுக்கி அடித்தது.

"எந்த கஸ்மாலம்பா இத உள்ள அடைச்சுது?" என்று முனுசாமி கத்தினார். "நட்டையும் முறுக்கி வச்சிகிறான் பாரு! பேரிங் எப்டி மூச்சு வுடும்?"

அந்தக் கஸ்மாலம் நான்தான்.

புறப்படுவதற்கு முந்தின நாள், டிரெய்லர் நின்ற சென்னைப் பட்டறையில், முனுசாமி சாப்பிடப் போயிருந்தபோது, இடது குடத்தின் ஓரத்தில் கிரீஸ் கசிந்திருப்பதைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் கசிவு என்றால் ஒரே வைத்தியம், கலப்பத்து: சணலைக் குங்கிலிய எண்ணெயில் தோய்த்துப் பொருத்தில் வைத்து உளியால் அடித்து இறுக்குவது. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் இலேசாக ஆடவும் செய்தது. வள்ளத்தில் எந்த ஆணி ஆடினாலும் எனக்குத் தூக்கம் வராது. மூடியைக் கழற்றி, பட்டறைக்காரரின் பெரிய ஸ்பானரால் நட்டை என் பலத்தையெல்லாம் கொடுத்து இறுக்கி, சுற்றிலும் கலப்பத்து அடித்து, மூடிவிட்டேன். ஓர் உபகாரம் செய்த திருப்தியோடு கையைக் கழுவிக்கொண்டதும் நினைவிருக்கிறது. கடலுக்குள் போயிருந்தால் அந்தக் குடத்தில் ஒரு சொட்டு ஏறியிருக்காது.

வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். முப்பது பேர் நின்றார்கள். என்னை முருக பக்தர் என்று நம்புகிறவர்கள். நானும் அவர்களோடு குனிந்து அந்தச் சணலைப் பார்த்தேன்.

வெளிப் பேரிங் நீலம் பாரித்துப் போயிருந்தது. உள் பேரிங்கைக் கழுவிப் போட்டால் போதும், வெளியது புதிதாக வேண்டும் என்றார் காதர் பாய். சென்னைக்கு, ஜீப் முதலாளிக்குத் தந்தி கொடுத்தோம். மாலையில் பதில் வந்தது. முனுசாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் வாசித்தேன்: பேரிங் காலை ரயிலில் கார்டு வசம் வருகிறது. காரணம் என்ன, உடனே தந்தி கொடுக்கவும். முனுசாமியின் அஜாக்கிரதை என்றால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேறு வேலை பார்த்துக்கொள்ளட்டும்.

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் குந்திக்கொண்டு, உள் பேரிங்கின் ஒவ்வோர் உருளையையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் துடைத்து வரிசையாக வைத்தார்.

"கிரீஸ் போட்டது நானு. கெளம்பறதுக்கு முன்ன ஒரு தபா சுத்திப் பாத்திருக்கணும், பாக்கல. எவன் அடைச்சா இன்னா, பழி என்மேலதாண்ணா. அப்டியே எழுதிடுங்க."

அதைக் கேட்டு நான் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். "முனுசாமி, அதை அடைச்சது நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாது?"

"நட்டையும் நான்தான் இறுக்கினனான். கசிஞ்சது, அதாலே. சக்கரம் ஆடினதும் எனக்குப் பிடிக்கேல்லை. நீங்கள் சாப்பிடப் போன நேரம் செய்தனான். காலமை சொல்ல வெட்கமாய் இருந்தது. மன்னியுங்கோ."

கடைக்குள்ளிருந்து மங்கம்மாவின் குரல் வந்தது: "அப்பாடா! நேத்தே எனக்குத் தெரியும் நைனா. உன் உளிப் பையில இருந்து அதே வாசனதான வருது. நீயா சொல்றியான்னு பாத்துகினு இருந்தேன். இன்னிக்குச் சொல்லலன்னா நாளைக்கு இட்லி கெடையாதுன்னு வச்சிருந்தேன்."

முனுசாமி இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த சக்கரம் தண்ணிலயா போவப் போவுது?"

"இல்லை."

"ரோட்டுலதான போவுது?"

"ஓம்."

"ஓமாம், ஓம்!" என்றவருக்குச் சிரிப்புப் பீறிட்டது. ஜாக்கியருகே இருந்த காதர் பாயும் சிரித்தார். அவருக்கும் பல் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. நான் தபாலாபீசுக்கு ஓடி, மூடுவதற்குள் தந்தி கொடுத்தேன்: தவறு முழுவதும் என்னுடையது, முனுசாமிமேல் குற்றமில்லை. தபால் மாஸ்டர் வார்த்தைகளை எண்ணிவிட்டு, 'முழுவதும்' என்ற வார்த்தையை எடுத்துவிடலாமே என்றார். இருக்கட்டும் என்றேன்.

வியாழக்கிழமை காலை ரயிலில் பேரிங் வந்தது. காதர் பாய் அதற்குக் கிரீஸ் ஊட்டி மாட்டும்போது என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். நட்டை இறுக்கினார், பிறகு கொஞ்சம் தளர்த்தினார், பின்னைச் சொருகினார். என் கையைப் பிடித்துச் சக்கரத்தின்மேல் வைத்து, "ஆட்டிப் பாரு" என்றார். மயிரிழை அளவு ஆடியது.

"அந்த ஆட்டம் இருக்கணும். அதான் உசுரு" என்றார். இரண்டு நாளில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

உச்சி வெயிலில் கிளம்பினோம். இரண்டு மைலுக்கு ஒரு தரம் முனுசாமி நிறுத்துவார். நான் இறங்கிக் கையை வைப்பேன். துப்புகிற வேலையை அவர் கைவிட்டுவிட்டார். என் கைதான் இனிமேல் கருவி என்றார். நகரியிலும் வெதுவெதுப்புத்தான். சாயங்காலம் ஏரிக்கரையில் கல்யாணப் பந்தலைப் பார்த்தபோது, புயலுக்குத் தப்பிக் கரையைக் கண்டவன்போல இருந்தது எனக்கு.

அன்றே வள்ளத்தை இறக்கினோம். அரைமணியில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. நாயுடு கரையில் நின்று, "மூழ்குகிறதே, ஐயோ, மூழ்குகிறதே!" என்று தெலுங்கில் கூவினார். கோணிகள் இல்லாவிட்டால் இடுப்பளவு ஏறியிருக்கும். இறைத்துவிட்டு, மரம் ஊறட்டும், விடிந்தால் தானே மூடிக்கொள்ளும் என்றேன். அவர் என்னை நம்பவில்லை. முனுசாமி முன்னால் வந்து, "அண்ணன் தண்ணில செய்யறது எல்லாம் கரெக்டா இருக்கும்ங்க" என்றார். 'தண்ணில' என்ற சொல்லை அழுத்தித்தான் சொன்னார்.

விடிந்தபோது அடியில் ஒரு கைப்பிடித் தண்ணீர்தான் இருந்தது. முகூர்த்தம் முடிந்து நான் துடுப்புப் போட, பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். மாப்பிள்ளை இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அந்தப் பெண் தண்ணீரில் விரலை விட்டுக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பாதி ஏரியில் அவர் காதருகே குனிந்து, "இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்லுங்கள்" என்றாள். அவர் சொல்லவில்லை. நானாகவே மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினேன்.

சனிக்கிழமை வெறும் டிரெய்லரோடு திருத்தணிக்குத் திரும்பினோம். தபாலாபீசில் முனுசாமி பெயருக்கு ஒரு தந்தி காத்திருந்தது. தபால் மாஸ்டர் வாசித்துச் சொல்ல ஆவலாக இருந்தார். முனுசாமி அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.

வாசித்தேன்: "முனுசாமி வேலையில் இருக்கலாம். படகுக்காரரைச் சென்னைக்கு ஏற்றி வரலாம். வண்டியில் எதையும் அவர் தொடக் கூடாது."

கடைசி வாக்கியத்தை விட்டிருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது. விடாமல்தான் வாசித்தேன்.

"இன்னொரு தபா படிங்கண்ணா" என்றார். படித்தேன். "கடைசியா இருக்கறத மட்டும் கொஞ்சம் சத்தமா." மணியார்டருக்கு நின்றிருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி அதையும் படித்தேன். தந்தியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். வெளியே வந்து, ஜீப்பின் இருக்கையைத் துண்டால் தட்டிவிட்டார்.

"குந்துங்கண்ணா. கைய மட்டும் மடிலயே வச்சுக்குங்க."

சென்னை வந்து சேரும்வரை அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன். திருவள்ளூர் தாண்டி மூக்கு அரித்தது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொறிந்துகொண்டேன்.